தராசுக்கு முன்னால் தெரிய வேண்டிய வார்த்தைகள்

பர்மாவில் பெகு பக்கத்துத் தமிழ் விவசாயிகள் இப்போதெல்லாம் தஞ்சாவூர் யூடியூப் பார்த்து உரம் போடுகிறார்கள். குறை சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. பர்மியம் எல்லோரும் சரளமாகப் பேசுவோம். ஆனால் விவசாய இலாகா கொடுக்கிற துண்டுக் காகிதத்தின் பர்மியம் வேறு. படித்தவனுக்கே மூச்சு வாங்கும். உர மூட்டையில் ஆங்கிலம். மருந்து பாட்டிலில் சில சமயம் தாய்லாந்து எழுத்து, சில சமயம் சீனம். இதற்கு நடுவே ஒருவர் வரப்பில் நின்றுகொண்டு தமிழில் நிதானமாக விளக்கினால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது? சிக்கல் என்னவென்றால், அவர் சொல்வது காவிரித் தண்ணீருக்கு. நமக்கு அது இல்லை. அதனால் நமக்கு வேண்டிய விவசாய வார்த்தைகளை, முக்கியமாக விற்பனையில் வருகிறவற்றை, நாமே படித்துக்கொள்ள வேண்டும்.

பட்டத்தையே, அதாவது விதைக்கிற பருவத்தையே எடுத்துக்கொள்வோம். குறுவை, சம்பா, தாளடி என்று அங்கே பிரிக்கிறார்கள். மேட்டூர் அணைத் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து உண்டாக்கிய கணக்கு அது. இங்கே ஐப்பசி பாதியிலேயே வானம் வெளுத்துவிடும். நமக்குத் தென்மேற்கு மழை ஒன்றுதான். மே நடுவில் பிடித்தால் அக்டோபர் வரைக்கும் விடாது, அப்புறம் அடுத்த மே வரை ஒன்றும் கிடையாது. அதனால் நம்மிடம் இருப்பது இரண்டு போகம். ஒன்று மழை நெல், மோ சபா: ஜூனில் நாற்றங்கால், ஜூலை, ஆகஸ்டில் நடவு, நவம்பர், டிசம்பரில் அறுப்பு. மற்றது கோடை நெல், நுவே சபா: ஆறோ வாய்க்காலோ பம்போ வைத்திருக்கிறவனுக்கு மட்டும். மற்றவர்கள் மழை நெல்லை அறுத்த கையோடு, மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தில் உளுந்தோ பச்சைப்பயறோ போட்டுவிடுவார்கள். பொங்கலுக்குப் புது அரிசி வீட்டில் இருக்கும், உளுந்து வயலில் நிற்கும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஆடியில் இங்கே விதைக்கப் போனால் ஊரே நடவில் இருக்கும்; ஆள் கிடைக்காது.

ரகத்திலும் இதே குழப்பம். நெல்லில் இரண்டு சாதி உண்டு. சிலவற்றுக்கு நாள் கணக்கு: விதைத்த தேதியிலிருந்து 115, 135 என்று எண்ணி அறுக்கலாம், எந்த மாதத்தில் போட்டாலும் ஏறக்குறைய அதே நாள்தான். சிலவற்றுக்குப் பகல் கணக்கு: பகல் குறைய ஆரம்பித்தால்தான் கதிர் விடும். இதை ஒளி உணர்வு என்பார்கள். நம்ம போசான் மொய் இரண்டாவது சாதி. 2011ல் ஹோ சி மின் நகரில் நடந்த உலக அரிசி மாநாட்டில் உலகத்தின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது இந்தப் போசான்தான். அதைக் கோடையில் போட்டால் பச்சையாக வளர்ந்துகொண்டே இருக்கும், கதிர் ஒழுங்காக வராது. விதையில் குற்றமில்லை. ரகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒளி உணர்வு உண்டா இல்லையா என்று பார்த்திருந்தால் ஒரு போகம் மிஞ்சியிருக்கும். மனோதுக்கா நாள் கணக்கு ரகம். அது மலேயாவின் மசூரி வழி வந்தது, தமிழ்நாட்டுப் பொன்னியும் அதே மசூரிதான். அதனால் பொன்னிக்குச் சொல்கிற யோசனையில் பாதி மனோதுக்காவுக்குப் பொருந்தும். போசானுக்கு ஒன்றும் பொருந்தாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விவசாய வார்த்தைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. என் அபிப்பிராயத்தில் முதலில் படிக்க வேண்டியவை நெல்லை விற்கும்போது காதில் விழுகிறவை. வயலில் ஒரு வார்த்தை தெரியாவிட்டால் பக்கத்து வயல்காரன் சொல்லித் தருவான். தராசில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

கூடை என்பது முதல் வார்த்தை. பர்மியத்தில் தின். எட்டுப் பால் டப்பா ஒரு ப்யி, பதினாறு ப்யி ஒரு கூடை. இது அளவுப் படி. விற்பனையில் இதை எடையாக மாற்றுகிறார்கள், அங்கேதான் கவனம் வேண்டும். ஒரு கூடை நெல் 46 ராத்தல், அதாவது 20.9 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதே கூடையில் அரிசி என்றால் 75 ராத்தல். உளுந்து, பச்சைப்பயறு 72. எள் 54. தோலோடு நிலக்கடலை 25. ஆகவே "கூடைக்கு இவ்வளவு" என்று ஒருவர் விலை சொன்னால், எத்தனை ராத்தல் கூடை என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது. நெல்லுக்கு 46 என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் "ஈர நெல்லு, பார்த்துக்கலாம்" என்று சொல்லிக் கூடைக்கு 50 ராத்தல் போட்டு அள்ளுகிற இடங்கள் உண்டு. 46க்கு 50 என்றால் நூறு கூடைக்கு எட்டரைக் கூடைக்கு மேல் இனாம். ஈரத்துக்காக அப்படி எடுத்துவிட்டு, கணக்கு முடிக்கும்போது "ஈரம் கழிவு" என்று இன்னொரு தடவை எழுதினால், ஒரே ஈரத்துக்கு இரண்டு வெட்டு.

தமிழ்நாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் "ஏக்கருக்கு எத்தனை மூட்டை?" என்று கேட்பார்கள். நாம் "எண்பது கூடை" என்போம், அவர்கள் விழிப்பார்கள். எண்பது கூடை என்பது 1,670 கிலோ. 60 கிலோ மூட்டையில் இருபத்தேழு, இருபத்தெட்டு. அந்தப் பக்கம் 75 கிலோ மூட்டையும் புழக்கத்தில் உண்டு, அதில் இருபத்திரண்டுதான். பெருமை பேசுகிறவர்கள் எந்த மூட்டை என்று முதலில் சொல்லட்டும்.

இப்போது ஈரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் அப்பா காலத்தில் இந்த வார்த்தைக்கு இத்தனை வேலை இருக்கவில்லை. அப்போது கையால் அறுத்து, அரியை வயலிலேயே சில நாள் காயவிட்டு, களத்தில் மாடு விட்டு மிதித்து, தூற்றி எடுப்பார்கள். நெல் வீட்டுக்கு வரும்போதே காய்ந்திருக்கும். இன்றைக்கு அறுவடை மிஷின் வருகிறது. காலையில் நின்ற பயிர் மத்தியானம் மூட்டையில். வேகம் நல்லதுதான், கூலி ஆளும் கிடைப்பதில்லை. ஆனால் அந்த நெல்லில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து தண்ணீர். காயப்போட இடமில்லை, தார்ப்பாய் இல்லை, அதனால் அன்றைக்கே கிடங்குக்குப் போகிறது. அரசாங்கம் நெல்லுக்கு அடிப்படை விலை அறிவிக்கிறதே, 2018-19ல் நூறு கூடைக்கு 5,00,000 கியாட் என்று அறிவித்ததே, அது 14 சதவீத ஈரத்துக்கு. பேப்பரில் விலையைப் படித்துவிட்டு வண்டி கட்டுகிறவர்கள் அந்த 14ஐப் படிப்பதில்லை.

சித்தப்பா ஒரு தடவை நூறு கூடை கொண்டுபோனார். கிடங்கு ஆள் குத்தூசியைச் சாக்கில் செருகி ஒரு பிடி எடுத்தான். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தான். "பன்னிரண்டு கூடை கழிவு."

"மீட்டர் வச்சுப் பார்த்தாங்களா, சித்தப்பா?"

"மீட்டர் மேசை மேலதான்டா இருந்துச்சு. அவன் பல்லுதான் வேலை பார்த்துச்சு."

"கேட்டிருக்கலாம்ல?"

"பின்னால ஏழு வண்டி நிக்குது. கேட்டா, வேற இடம் பாருங்கன்னுவான்."

கணக்கு சுலபமானது. நூறு கிலோ நெல்லில் ஈரம் 20 என்றால் தண்ணீர் 20 கிலோ, காய்ந்த பொருள் 80 கிலோ. வெயிலில் போட்டால் தண்ணீர் போகும், அந்த 80 எங்கேயும் போகாது. ஈரம் 14க்கு இறங்கியதும் அந்த 80 கிலோ, மொத்தத்தில் 86 சதவீதமாக இருக்கும். 80ஐ 86ஆல் வகுத்தால் 0.93. ஆக நூறு கூடை ஈர நெல் 93 கூடை காய்ந்த நெல்லுக்குச் சமம், கழிவு ஏழு. ஈரம் 25 என்றால் 75ஐ 86ஆல் வகுக்க வேண்டும், 87 வரும், கழிவு பதின்மூன்று. நூறிலிருந்து ஈரத்தைக் கழி, 86ஆல் வகு, அவ்வளவுதான். போனிலேயே போட்டுப் பார்க்கலாம். காயவைக்கிற கூலியும் அடுப்புச் செலவும் கிடங்குக்காரருக்கு உண்டு, அதை அவர் தனியாகக் கேட்கட்டும், கொடுக்கலாம். ஈரத்துக்குள் ஒளித்து எழுதக் கூடாது. சித்தப்பா நெல்லை அன்றைக்கு வேறு ஒருவர் மீட்டரில் பார்த்தோம், 20 காட்டியது. ஐந்து கூடை பல்லுக்குப் போனது.

ரொம்பக் காய்ந்தாலும் லாபமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தார் ரோட்டில் மத்தியான வெயிலில் வறுத்து, இரவில் பனியில் விட்டால் அரிசிக்குள் கீறல் விழும். மில்லில் போட்டதும் நொய்யாகும். நல்ல மில்லில் நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோவரை வெள்ளை அரிசி கிடைக்கும். அதில் எவ்வளவு முழு அரிசி, எவ்வளவு நொய் என்பதுதான் விலை. எமத்தா ஒரு அரிசி வகை; ஏற்றுமதிக்காரர்கள் "எமத்தா 25" என்றால் நூற்றுக்கு 25 நொய் உள்ள எமத்தா என்று அர்த்தம்.

உரத்துக்கு வருவோம். மூட்டையில் 15-15-15 என்று மூன்று எண் இருக்கும். முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. எப்போதும் இந்த வரிசைதான், எந்த நாட்டு மூட்டையாக இருந்தாலும். எண் என்பது நூற்றுக்கு எவ்வளவு. 50 கிலோ மூட்டையில் ஒவ்வொன்றும் ஏழரைக் கிலோ. யூரியா 46-0-0, ஒரு மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து, வேறு ஒன்றும் கிடையாது. இது தெரிந்தால் கடைக்காரரிடம் மூட்டை விலையைப் பேச மாட்டீர்கள், கிலோ சத்து என்ன விலை என்று மனதுக்குள் வகுத்துவிடுவீர்கள். படம் போட்ட பளபளப்பு மூட்டைகள் பல அப்போது ரொம்ப ஏழையாகத் தெரியும். மூன்று எண் இல்லாத மூட்டையை நான் தொடவே மாட்டேன்.

யூடியூபில் "ஏக்கருக்கு 60:20:20" என்று கேட்டிருப்பீர்கள். அது உரத்தின் எடை இல்லை, சத்தின் எடை. 60 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால் 130 கிலோ யூரியா. அங்கே அது குட்டை ரகத்துக்குச் சொன்னது. நெடுநெடுவென்று வளர்கிற போசானுக்கு அதே கணக்கில் கொட்டினால் இடுப்பு உயரத்துக்கு மேல் போய், பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு காற்றுக்குப் படுத்துவிடும். படுத்த நெல்லை மிஷின் ஒழுங்காக எடுக்காது.

அடியுரம் எல்லோருக்கும் தெரியும், கடைசி உழவில் போடுவது. மேலுரத்தில்தான் நாள் தப்புகிறது. முதல் மேலுரம் தூர் கட்டும்போது, அதாவது அடியில் பக்கத் தண்டுகள் கிளைக்கும்போது. இரண்டாவது கதிர் உருவாகும்போது. கதிர் வெளியே தெரிகிற பருவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்; அதற்கு ரொம்ப முன்னாலேயே அது தண்டுக்குள் பிறந்துவிடும். ஒரு தூரில் தாய்த்தண்டை வேரோடு பிடுங்கி, மேல்மண்ணைக் கழுவி, பிளேடால் அடியிலிருந்து நெடுக்காகக் கீறிப் பாருங்கள். கணுக்களுக்கு மேலே, தண்டின் நடுவில், வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நுனி தெரிந்தால் அதுதான் கதிர். அந்த வாரம் போட வேண்டும். கதிர் வெளிவந்தபின் கொட்டுகிற யூரியா இலையைப் பச்சையாக்கி பூச்சியைக் கூப்பிடும். இன்னொன்று: முழங்கால் தண்ணீரில் யூரியாவை வீசினால் பாதி ஆவியாகவும் வாய்க்காலிலும் போய்விடும். தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றில் விழும்படி போட்டு, அப்புறம் தண்ணீர் கட்டுவதுதான் முறை.

மருந்து பாட்டிலில் பெயருக்குப் பின்னால் 10 ஈசி, 25 ஈசி என்று எழுதியிருக்கும். ஈசி என்றால் தண்ணீரில் ஊற்றினால் பால் நிறமாகக் கலங்குகிற எண்ணெய் மருந்து. டபிள்யூபி தூள். எண் என்பது அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு விஷம் என்பது. சைபர்மெத்ரின் 10ஆகவும் வருகிறது, 25ஆகவும் வருகிறது. போன வருஷம் 10 வாங்கி டேங்குக்கு இரண்டு மூடி ஊற்றிய பழக்கத்தில் இந்த வருஷம் 25க்கும் இரண்டு மூடி ஊற்றினால் இரண்டரை மடங்கு. பாட்டிலின் அடியில் ஒரு நிறப் பட்டை இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டு வரும். எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். சிவப்புப் பட்டையை வீட்டுக்குள் வைக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

தண்டின் அடியில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சி வந்துவிட்டது என்று சைபர்மெத்ரின் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த மருந்து புகையானைத் தின்கிற சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும்தான் முதலில் கொல்லும். தப்பித்த புகையான் எதிரியில்லாமல் பெருகும். வட்ட வட்டமாகப் பயிர் கருகும்போது "மருந்து போலி" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். மருந்து அசலாகவே இருந்திருக்கும். பாட்டிலில் இன்னொரு எண்ணும் உண்டு, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பது. அரிசியும் பயறும் வெளிநாட்டுக்குப் போகிற காலத்தில் அந்த எண்ணை மதிக்காமல் முடியாது. எச்சம் வரம்புக்கு மேல் இருந்தால் சரக்கைத் திருப்பிவிடலாம்.

மண் பரிசோதனைச் சீட்டிலும் ஈசி என்று ஒன்று வரும். மருந்து ஈசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது உப்பு அளவு. சௌத்தான், தொங்வா பக்கம் கடல் காற்று வாங்குகிற நிலத்துக்காரர்கள் இதை முதலில் பார்க்கலாம். dS/m கணக்கில் 3க்கு மேல் போனால் நெல் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். பயறு நெல்லைவிடவும் தாங்காது.

விதையில் வீரிய ஒட்டு என்று எழுதியிருந்தால் அதில் விளைந்ததை எடுத்து வைத்து விதைக்க முடியாது, அடுத்த தலைமுறை ஆளுக்கொரு உயரமாக நிற்கும். மற்ற ரகங்களில் சான்று விதை வாங்கி, கலப்பில்லாமல் பார்த்துக்கொண்டால், இரண்டு மூன்று போகம் சொந்த விதையே போதும்.

சபாபே பற்றிக் கொஞ்சம். அறுவடைக்கு மாதங்கள் முன்னால் கைச்செலவுக்குக் காசு வாங்கிக்கொண்டு, அன்றைய மலிவு விலைக்கு இத்தனை கூடை நெல் தருகிறேன் என்று ஒப்புக்கொள்வது. வட்டி என்ற வார்த்தையே அதில் வராது, அதனால் கடன் மாதிரி தெரியாது. வாங்கின காசையும் அறுவடை நாள் விலையையும் பக்கத்தில் வைத்தால் வட்டி எவ்வளவு என்று தெரியும். பெரும்பாலும் எந்த வட்டிக்கடையும் கேட்காத வட்டி. நம்மவர்கள் இந்தத் தராசின் மறுபக்கமும் உட்கார்ந்தவர்கள்தான். 1930களில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்த நிலம் 6 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக ஏறியது. அடமானம் என்ற வார்த்தைக்கு அந்தக் காலத்துப் பர்மிய விவசாயி என்ன அர்த்தம் கண்டான் என்று நாம் சொல்லிக்கொள்வதே இல்லை.

கடைசியாக உளுந்து. இங்கே அதை மத்பே என்பார்கள். ஏற்றுமதியில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான், அதிலும் நிறைய சென்னைத் துறைமுகத்துக்கு. விலை இரண்டு வரியாக வரும்: எஃப்ஏக்யூ, எஸ்க்யூ. முதலாவது நடுத்தரச் சரக்கு. இரண்டாவது பருமன் கூடின, சுத்தம் பண்ணின சரக்கு, எப்போதும் விலை கூடுதல். உள்ளூர்க் கிடங்கில் எஸ்க்யூ விலை கேட்டுவிட்டுச் சலிக்காத உளுந்தைக் கொண்டுபோய் நின்றால் முதல் விலைதான் கிடைக்கும். இங்கே எடை வீசைக் கணக்கில் போடுவார்கள், ஒரு வீசை 1.63 கிலோ, விலை டன்னில் சொல்வார்கள். ஒரு டன் 612 வீசை என்று நினைவில் வைத்தால் போதும்.

ஆனால் உளுந்துக்காரன் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய வார்த்தை கோட்டா. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதி அளவு வரம்பு போட்டது. அந்த ஊரில் விளைச்சல் கூடி விலை விழுந்துவிட்டது, அவர்கள் விவசாயியைக் காப்பாற்ற அவர்கள் செய்தார்கள். இங்கே விலை சரிந்து, கிடங்குகளில் உளுந்து தேங்கியது. 2021ல் ஒப்பந்தம் வந்தது: ஐந்து வருஷத்துக்கு, வருஷம் 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் பர்மாவிலிருந்து வாங்குவதாக. இந்த மாதிரி அறிவிப்புகளுக்கு முடிவு தேதி ஒன்று எப்போதும் உண்டு. அது மாறும், நீளும், சில சமயம் நீளாது. நம்ம உளுந்து மண்ணில் விழுவது நவம்பரில், சாக்கில் ஏறுவது பிப்ரவரி, மார்ச்சில். எனவே விதை வாங்கப் போகிற அக்டோபரிலேயே கிடங்குக்காரரிடம் கேட்டுவிடுங்கள்: டெல்லி இந்த வருஷம் எதுவரைக்கும் திறந்து வைத்திருக்கிறது? அவருக்குத் தெரியும். கேட்காதவரைக்கும் சொல்ல மாட்டார்.